குறைந்த பணத்தில் பெஞ்ச்ரெஸ்ட்: ஒரு தொடக்கக்காரரின் செலவும் இலக்குத்தாள்களும் (நிகழ்வு ஆய்வு)

மேசைமேல் ரைஃபிளைத் தாங்கியில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் சுடுதலுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் கையிருப்பில் முக்கால்வாசியை ரைஃபிளில் போட்டுவிட்டு, மிச்சத்தில் மற்றதையெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம் என்று இறங்குகிறார்கள். கொஞ்ச நாளில் தோட்டா வாங்கக் காசில்லாமல் அந்த நல்ல ரைஃபிள் பெட்டிக்குள் தூங்குகிறது. என் நண்பர் ஒருவர் வேறு வழியில் போனார். எதை வாங்கினாலும், தாளில் விழுந்திருக்கும் ஓட்டைகள் அந்தச் செலவைக் கேட்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டார். அவருடைய இலக்குத்தாள்கள் எல்லாம் தேதி, தோட்டா, காற்று ஆகியவற்றைக் குறித்து ஒரு கோப்பில் இருக்கின்றன. அவரோடு உட்கார்ந்து அவற்றை அளந்தவன் நான். இந்த ஆய்வு அந்தக் கோப்பை வைத்து எழுதியது.

அவருடைய நிலைமை இதுதான்: உரிமம் இருக்கிறது, ஒரு சுடுதளத்தில் உறுப்பினர், அங்கே 50 மீட்டர் வரிசையும் 100 மீட்டர் வரிசையும் உண்டு. ஒதுக்கிய தொகை ஒன்றுதான், அதற்கு மேல் எதுவும் வராது. தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளும் ரீலோடிங் கருவிகளுக்கு அதில் இடமில்லை. வார இறுதியில் சில மணி நேரம் கிடைக்கும். மரவேலையும் தையலும் ஓரளவு வரும், இது பிறகு மிகவும் கைகொடுத்தது. கிளப் அளவிலான போட்டியில் கூச்சமில்லாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான் இலக்கு.

எந்த வகையில் தொடங்குவது

பெஞ்ச்ரெஸ்ட் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறுதியான மேசை முன்னால் உட்கார்ந்து, ரைஃபிளின் முன்பகுதியை ஒரு தாங்கியிலும் பின்பகுதியை மணல்பையிலும் வைத்துச் சுடுவது. ஒரு வகையில் ஐந்து குண்டுகளை எவ்வளவு நெருக்கமாகப் போடுகிறோம் என்பதே கணக்கு, அந்த ஓட்டைக் கூட்டத்தைக் குரூப் என்பார்கள். மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளப்பார்கள், ஐந்து குரூப்புகளின் சராசரிதான் முடிவு. இன்னொரு வகையில் ஒரே தாளில் 25 குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு குண்டு, மையத்துக்கு எவ்வளவு பக்கம் என்பதற்குப் புள்ளி. அமெரிக்காவின் தேசிய பெஞ்ச்ரெஸ்ட் சங்கம் 1951ல் தொடங்கியது, இந்த விளையாட்டின் விதிகள் பெரும்பாலும் அங்கிருந்து கிளைத்தவை. அங்கே லைட் வார்மின்ட் என்ற எடைப்பிரிவு ரைஃபிள் ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கியோடு) சேர்த்து 10.5 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, ஹெவி வார்மின்ட் என்றால் 13.5 பவுண்டு.

நூறு கெஜத்தில் குரூப் சுடும் மேல்மட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் 6 பிபிசி தோட்டாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பின்டெல்லும் 1970களின் நடுவில் .220 ரஷ்யன் தோட்டாவின் கேசிலிருந்து (உலோக உறையிலிருந்து) உருவாக்கியது அது. அற்புதமான தோட்டா, ஆனால் கடையில் பெட்டியாக வாங்கிச் சுடுகிற பொருள் இல்லை. கேசை உருவாக்கி, கழுத்தைச் சீவி, வெடிமருந்தை அளந்து, சுடுதளத்திலேயே உட்கார்ந்து நிரப்பிச் சுடுவார்கள். பேரலும் (குழலும்) ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு குண்டுக்குள் போட்டித் துல்லியத்தை இழக்கத் தொடங்கிவிடும். அதாவது அங்கே பேரல் என்பது டயர் மாதிரி, தேயத் தேய மாற்ற வேண்டும். குறைந்த பணத்தில் அந்தப் பக்கம் போகிறவர் ரைஃபிளை வாங்கிய பிறகும் வாங்கிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

ஆகவே நண்பர் 22 லாங் ரைஃபிள் என்ற சிறிய தோட்டாவைத் தேர்ந்தெடுத்தார். தொழிற்சாலையில் நிரப்பிய தோட்டாதான் எல்லாருக்கும், உலக சாம்பியனுக்கும் அதேதான். சரியாகப் பராமரித்தால் பேரல் பல்லாயிரம் குண்டு தாங்கும். 50 மீட்டரில் 25 குறித் தாள், பெரும்பாலான விதிகளில் 20 நிமிடம், அதற்குள் பயிற்சிக் குறியில் எத்தனை குண்டு வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஏர் ரைஃபிளில் 25 மீட்டரில் இதே விளையாட்டு உண்டு, அது இன்னும் மலிவு. அந்த வழியில் போவதாக இருந்தால் முன்கூட்டியே காற்று நிரப்பும் பிசிபி வகையாகப் பாருங்கள். ஸ்பிரிங் வகை, பையில் வைக்கும் விதம் ஒரு நூல் மாறினாலும் குண்டை வேறு இடத்தில் போடும், தொடக்கக்காரருக்கு அது பெரிய தலைவலி.

ரைஃபிள்

இதை வேகமாகவே முடித்துவிடலாம், ஏனென்றால் நண்பரும் வேகமாகவே முடித்தார். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய, கனமான பேரல் கொண்ட, ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் திறந்து மூடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். சீசெட்டின் 452, 455, 457, சாவேஜ் மார்க் 2, ஆன்ஷுட்ஸின் 64 ஆக்‌ஷன் ரைஃபிள்கள் எல்லாம் இந்த வகையில் தொடங்குவதற்கு ஏற்றவை. வாங்கும் முன் அவர் பார்த்தவை: பேரலின் வாய்ப்பகுதியில் அடிபட்ட தழும்பு இருக்கிறதா, தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில், தோட்டா இல்லாமல் வெற்றாகச் சுட்டு ஊசி பதிந்த பள்ளம் இருக்கிறதா, பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் (ரைஃபிளின் கட்டைக்கும்) இடையில் ஒரு தாள் தடையில்லாமல் ஓடுகிறதா, டிரிகரை இலகுவாக்கத் திருகு இருக்கிறதா. மரத்தில் கீறல், கறுப்புப் பூச்சு தேய்ந்திருப்பது இதற்கெல்லாம் விலையைக் குறைத்துக் கேட்கலாமே தவிர, குறியில் அவற்றுக்கு எந்தப் பங்கும் இல்லை.

டிரிகரைப் பற்றி ஒரு வார்த்தை. இலகுவாக்குவதற்கும் எல்லை உண்டு. போல்டைச் சற்று வேகமாக மூடினாலோ, ரைஃபிளின் பின்பக்கத்தைக் கையால் தட்டினாலோ விழுந்துவிடுகிற டிரிகரோடு சுடுதளத்துக்குப் போகவே கூடாது. அங்கே உள்ள மற்ற ஒழுங்குகளும் அப்படித்தான்: சுடும் உத்தரவு வரும் வரை போல்ட் வெளியே, யாராவது இலக்குப் பக்கம் போயிருந்தால் ரைஃபிளைத் தொடுவது என்ற பேச்சே இல்லை, 22 சத்தம் குறைவுதானே என்று காதை மூடாமல் உட்காரக்கூடாது, முடித்ததும் ஈயம் போகக் கையைக் கழுவ வேண்டும்.

தாங்கியும் பையும்

இங்கேதான் குறைந்த பணம் அதிகமாக வேலை செய்தது. பெஞ்ச்ரெஸ்ட் என்ற பெயரிலேயே மேசையும் தாங்கியும்தான் இருக்கின்றன, ஆனால் புதியவர்கள் கடைசியாக நினைப்பதும் அவற்றைத்தான்.

ஒற்றைக் கைப்பிடியை அசைத்தாலே குறி மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரும் தாங்கிகள் இருக்கின்றன, ஒரு நடுத்தர ரைஃபிளின் விலைக்கு வரும். அதன் வசதி உண்மையானது, 25 குறிகளுக்கு மாறி மாறிப் போக வேண்டிய தாளில் நேரம் மிச்சமாகும். ஆனால் தாங்கி அடிப்படையில் செய்ய வேண்டிய வேலை இரண்டே: அசையாமல் நிற்பது, ரைஃபிள் ஒவ்வொரு முறையும் அதே தடத்தில் பின்வாங்கி அதே தடத்தில் திரும்பி வர விடுவது. நண்பர் கனமான இரும்புத் தகட்டை அடித்தளமாக்கி, மூன்று முனைக்கூரான திருகுகளைக் காலாக வைத்து, நடுவில் உயரத்தை ஏற்றி இறக்கும் ஒரு தடித்த திருகைப் பொருத்தினார். மேலே மரத் தட்டு, அதில் பக்கச்சுவர் வைத்த சிறிய மணல்பை. அவ்வளவுதான் முன்தாங்கி.

பின்பையைப் பழைய ஜீன்ஸ் துணியில் இரட்டைத் தையல் போட்டுத் தைத்தார். மேலே முயல் காது போல இரண்டு மேடுகள், நடுப்பள்ளத்தில் ஸ்டாக்கின் அடிவிளிம்பு உட்காரும். முதலில் அவர் மணலைத் தளர்வாக நிரப்பியிருந்தார். கையால் அமுக்கினால் தலையணை மாதிரி இடம் கொடுத்தது, ஒவ்வொரு சூட்டுக்கும் ரைஃபிள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புதைந்தது, குண்டுகள் தாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டன. நன்கு உலர்த்தி சலித்த மணலைத் தட்டித் தட்டி, விரல் இறங்காத அளவுக்கு இறுக்கி நிரப்பினார். காதுகளுக்கிடையில் துணி ஸ்டாக்கைப் பிடித்து இழுக்காமல் இருக்கக் கொஞ்சம் டால்கம் பவுடர்.

வேட்டை ரைஃபிள்களின் முன்கட்டை உருண்டையாக இருக்கும், பையில் உருளும். இவருடையதும் அப்படித்தான். முன்கட்டையின் அடியில், பட்டை மாட்டும் வளையத்தின் திருகு துளையைப் பயன்படுத்தி மூன்று அங்குல அகலத்தில் தட்டையான மரப்பலகை ஒன்றைப் பொருத்தினார். எத்தனை அகலம் அனுமதி என்பதைப் போட்டி விதிகளில் பார்த்துவிட்டுத்தான் செய்தார், சில வகுப்புகளில் இந்த மாதிரிப் பலகைக்கு அனுமதியே கிடையாது.

எல்லாம் தயாரானதும் ஒரு சோதனை, குண்டே தேவையில்லை. ஸ்கோப்பில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே ரைஃபிளைக் கையால் ஓர் அங்குலம் பின்னால் இழுத்து மறுபடி முன்னால் தள்ளுங்கள். குறுக்குக்கோடு நேராக மேலும் கீழுமாக மட்டும் நகர்ந்து அதே புள்ளிக்குத் திரும்ப வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் முன்பையும் பின்பையும் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். இதைச் சரி செய்யாமல் சுடுகிற ஒவ்வொரு தோட்டாவும் வீண் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்கோப்: பாரலாக்ஸ்தான் முக்கியம்

உருப்பெருக்கம் அதிகமான ஸ்கோப் வேண்டும் என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். 24 மடங்கு இருந்தால் நல்லது, 36 இருந்தால் ஓட்டை நன்றாகத் தெரியும், சரி. ஆனால் பணம் குறைவாக இருக்கும்போது பார்க்க வேண்டியது பாரலாக்ஸை, அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரியும் பிழையை, தூரத்துக்கேற்பத் திருத்தும் வசதி இருக்கிறதா என்பதைத்தான். வேட்டைக்கான பல ஸ்கோப்புகள் 100 கெஜத்துக்குத் திருத்தப்பட்டு அப்படியே பூட்டப்பட்டிருக்கும். 40 மில்லிமீட்டர் முகப்புக்கண்ணாடி கொண்ட அப்படியொரு ஸ்கோப்பை 50 கெஜத்தில் பயன்படுத்தினால், கண் மையத்திலிருந்து ஓரத்துக்கு முழுதாக விலகும்போது குறி 10 மில்லிமீட்டர் வரை தவறலாம். 22 குண்டின் விட்டமே 5.7 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் மெல்ல அசைத்து, குறுக்குக்கோடு இலக்கின்மேல் ஊர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நண்பர் 24 மடங்கு வரை போகும், முன்வளையத்தில் பாரலாக்ஸ் திருத்தும் பழைய ஸ்கோப் ஒன்றை வாங்கினார். கூடவே ஸ்கோப்பில் மாட்டும் ஒரு குமிழி மட்டம்.

அந்தக் குமிழி மட்டத்தைத் தேவையில்லாத அலங்காரம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். 50 மீட்டர் போவதற்குள் 22 குண்டு புவியீர்ப்பால் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் இறங்குகிறது, அந்த இறக்கத்தை ஸ்கோப் ஈடுகட்டுகிறது. ரைஃபிள் 3 டிகிரி சாய்ந்திருந்தால் அந்த 12 சென்டிமீட்டரில் சுமார் 6 மில்லிமீட்டர் பக்கவாட்டுக்குப் போய்விடும். காற்றே இல்லாத நாளில் குண்டு இடமும் வலமுமாக விழுந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

முதல் தாள்களும் தவறான வாசிப்பும்

ஆரம்பத் தாள்களில் ஒரு குரூப் பிரமாதமாக இருக்கும், அடுத்தது அதைப்போல் இரண்டு மடங்கு விரிந்திருக்கும். நண்பர் பேரல் சரியில்லை என்று ஏறக்குறைய முடிவுக்கே வந்துவிட்டார், புதிய பேரலுக்கு விலைகூடக் கேட்டுவிட்டார். அந்தப் பணம் போயிருந்தால் மிச்சப் பருவத்துக்குத் தோட்டா கிடையாது. கோப்பை விரித்து உட்கார்ந்தது அப்போதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். ரைஃபிள், தோட்டா, காற்று, ஆள் எதுவுமே மாறாமல் ஐந்து குண்டுக் குரூப்புகளைச் சுட்டுக்கொண்டே போனால், தற்செயலாகவே அவற்றின் அளவு சராசரியிலிருந்து கால்வாசி கூடியும் குறைந்தும் ஆடும். பத்துக் குரூப் சுட்டால் அவற்றில் பெரியது சிறியதைப்போல் இரண்டு மடங்கு இருப்பது சாதாரணம். அதேபோல மூன்று குண்டுக் குரூப் ஐந்து குண்டுக் குரூப்பைவிடச் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சிறிதாகத் தெரியும், பத்துக் குண்டுக் குரூப் ஏறக்குறைய கால்வாசி பெரிதாகத் தெரியும். எனவே ஒருவர் மூன்று குண்டுக் குரூப்பைக் காட்டிப் பெருமைப்பட்டால், அதை உங்கள் ஐந்து குண்டோடு ஒப்பிட்டு வருத்தப்படாதீர்கள்.

மேல்மட்டத்திலும் இந்தத் தற்செயலுக்கு இடமுண்டு. மேக் மெக்மிலன் 1973ல் நூறு கெஜத்தில் சுட்ட 0.009 அங்குலக் குரூப் நாற்பது வருடம் சாதனையாக நின்றது, 2013ல் மைக் ஸ்டினெட் 0.0077 அங்குலத்தில் அதைக் கடந்தார். மாபெரும் சாதனைகள், ஆனால் போட்டியில் யார் வென்றார் என்பதைத் தீர்மானிப்பது ஐந்து குரூப்புகளின் சராசரிதான். நல்ல காரணத்தோடுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

நண்பரின் தாள்களைக் குரூப் அளவை விட்டுவிட்டு வடிவத்துக்காகப் பார்த்தோம். ஒரே நாளில் ஒரே தோட்டாவில் சுட்ட எல்லாக் குரூப்புகளின் ஓட்டைகளையும் ஒரே வரைதாளில், ஒரே குறிப்புள்ளியை வைத்து ஏற்றினோம். தனித்தனியாகப் பார்த்தபோது கிறுக்கலாகத் தெரிந்தது சேர்த்துப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது: சிதறல் பக்கவாட்டைவிட மேல்கீழாகத் தெளிவாகவே நீண்டிருந்தது. பேரல் மோசமாக இருந்தால் எல்லாத் திசையிலும் சிதறும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். மேல்கீழாக மட்டும் நீள்கிறது என்றால் மேசை, பை, தோட்டாவின் வேகம், ஆளின் தோள் அழுத்தம், இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோதான் முதலில் தேட வேண்டும்.

தேடுவதற்கு ஒரே விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. முதலில் மேசை. அவர் வழக்கமாக உட்காரும் மரமேசையில் முழங்கையை அழுத்தினால் குறுக்குக்கோடு நகர்ந்தது. சிமென்ட் மேசைக்கு மாறினார், மேல்கீழ் நீளம் கொஞ்சம் குறைந்தது. பையை இறுக்கிய கதையை மேலே சொன்னேன், அதில் இன்னும் குறைந்தது. தோளை ரைஃபிளோடு சேர்த்து அழுத்துவதை நிறுத்தி, லேசாகத் தொடுகிற அளவில் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வைத்தார். ஸ்டாக்கையும் ஆக்‌ஷனையும் இணைக்கும் திருகுகளை இரவல் வாங்கிய, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஒரே அளவில் இறுக்கினார். இத்தனைக்கும் ஆன செலவு கொஞ்சம் மணலும் நூலும்தான். பேரல் வாங்கும் பேச்சு அதோடு நின்றது.

தோட்டா

மிச்சமிருந்த மேல்கீழ் சிதறல் தோட்டாவின் வேகத்தால் வந்தது. இதைக் கணக்காகவே காட்டலாம். போட்டித் தரமான 22 தோட்டா பேரலை விட்டு விநாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒலியின் வேகத்துக்குக் கீழேயே வைத்திருப்பார்கள், ஏனென்றால் அதைத் தாண்டிப்போய் வழியில் மீண்டும் கீழே இறங்கும் குண்டு நிலைகுலையக்கூடும். ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் விநாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால் 50 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் மேல்கீழ் வித்தியாசம். பெட்டி பெட்டியாக விற்கும் மலிவான தோட்டாக்களில் இந்த அளவு வித்தியாசம் தாராளமாக இருக்கும். எந்த ரைஃபிளும், எந்தத் தாங்கியும் இதைத் திருத்தாது.

அதற்காக விலை உச்சத்தில் இருக்கும் எலி டெனெக்ஸையோ ஆர்டபிள்யூஎஸ் ஆர்50ஐயோ கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் தேவையில்லை. 22ல் ஒரே பெயருள்ள தோட்டாவிலேயே ஒவ்வொரு லாட்டும் (ஒரே தடவையில் தயாரான தொகுதியும்) வேறுமாதிரி நடந்துகொள்ளும், ஒரு பேரலுக்குப் பிடித்த லாட் இன்னொன்றுக்குப் பிடிக்காது. நண்பர் எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், லாபுவா சென்டர் எக்ஸ் போன்ற நடுத்தரத் தோட்டாக்களில் வெவ்வேறு லாட்டுகளை, சுடுதள நண்பர்களோடு பங்கு போட்டு, சில பெட்டிகள் வீதம் வாங்கினார். தோட்டாவை மாற்றும்போதெல்லாம் பேரலைச் சுத்தம் செய்து, புதிய தோட்டாவின் மெழுகு குழலில் படியும் வரை முதலில் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டார். ஒவ்வொரு லாட்டுக்கும் பல ஐந்து குண்டுக் குரூப்புகள், எல்லாம் காற்று அடங்கிய காலை வேளையில், ஒரு குரூப் இந்த லாட், அடுத்த குரூப் அந்த லாட் என்றெல்லாம் மாற்றாமல் ஒரு லாட்டை முடித்துவிட்டு அடுத்தது. சராசரியில் தெளிவாக முன்னால் நின்ற லாட்டைத் தேர்ந்து, மிச்சமிருந்த பணத்தில் பெரும்பகுதியை அந்த ஒரே லாட்டில் போட்டார்.

இந்த முடிவைப் பலர் எதிர்த்தார்கள். நான் முழுதாக ஆதரித்தேன், இப்போதும் ஆதரிக்கிறேன். ஒரே லாட் கையில் நிறைய இருந்தால் இன்றைய தாளை ஆறு மாதம் கழித்த தாளோடு ஒப்பிடலாம். லாட் மாறிக்கொண்டே இருந்தால் நீங்கள் முன்னேறினீர்களா, தோட்டா முன்னேறியதா என்று ஒருநாளும் தெரியாது.

காற்று

மேல்கீழ் அடங்கியதும் பக்கவாட்டு தலையெடுத்தது, இனி மிச்சம் இருப்பது காற்றுதான். பக்கவாட்டிலிருந்து விநாடிக்கு ஒரே ஒரு மீட்டர் வேகத்தில் வரும் காற்று, அதாவது முகத்தில் லேசாகத்தான் உணர்வது, 50 மீட்டரில் 22 குண்டைச் சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளும். ஒரு குண்டின் விட்டத்தைவிட அதிகம். கொடி இல்லாமல் சுடுகிறவர் தன் ரைஃபிளைப் பற்றிப் பேசுவதற்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

கடையில் விற்கும் காற்றுக்கொடிகள் அழகானவை, ஒரு தொகுதி வாங்கினால் ஒரு நல்ல லாட் தோட்டாவின் விலை வந்துவிடும். நண்பர் தானே செய்தார். நெளிவுள்ள பிளாஸ்டிக் அட்டையில் அம்பு வடிவ வெட்டு, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை, நடுவில் சைக்கிள் கம்பி அச்சு, வாலில் மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அட்டை திசையைச் சொல்லும், நாடா எவ்வளவு உயர்கிறது என்பது வேகத்தைச் சொல்லும். குண்டு போகும் கோட்டுக்கு ஒட்டிய உயரத்தில், ஆனால் ஸ்கோப்பை மறைக்காமல் நட வேண்டும். மூன்று கொடிகள்தான் என்றால் சுடுகிறவருக்குப் பக்கமாகவே இரண்டை வையுங்கள். தொடக்கத்தில் கோணம் விலகிய குண்டு மிச்சத் தூரம் முழுவதும் விலகிக்கொண்டே போகும், இலக்கின் பக்கத்தில் அடிக்கும் காற்றுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

இன்னொன்றும் அவருடைய தாளில் அழகாகத் தெரிந்தது. உள்வரிகள் வலப்பக்கம் முறுக்கிய பேரலில், காற்று வலமிருந்து வந்தால் குண்டு இடப்பக்கம் போவதோடு கொஞ்சம் மேலேயும் ஏறும், இடமிருந்து வந்தால் வலப்பக்கம் போவதோடு கொஞ்சம் இறங்கும். கடிகார முள்ளில் பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே ஒரு சாய்ந்த கோடு. குண்டின் சுழற்சியால் வருவது இது. அந்தச் சாய்வைப் பார்த்ததும் அவர் குறியை எங்கே பிடிப்பது என்பதை மாற்றிக்கொண்டார்: வெறும் பக்கவாட்டில் நகர்த்தாமல் அந்தக் கோட்டின் வழியாகவே நகர்த்தினார்.

போட்டித் தாளில் அவர் கடைப்பிடித்த முறை எளிமையானது. முதல் சில நிமிடங்கள் சுடாமல் கொடிகளை மட்டும் பார்ப்பது. அடிக்கடி திரும்பி வரும் ஒரு காற்று நிலையைத் தேர்ந்தெடுப்பது. பயிற்சிக் குறியில் அந்த நிலையில் குண்டு எங்கே போகிறது என்று பார்ப்பது. பிறகு அந்த நிலை இருக்கும்போது மட்டும் மதிப்பெண் குறிகளில் வேகமாகச் சுடுவது, நிலை மாறினால் கையை எடுத்துவிடுவது. 20 நிமிடம் போதாது என்று முதலில் பதறினார், பதறிய தாள்களில் கடைசி வரிசைக் குறிகள் எப்போதும் மோசம். பின்னாளில் நேரம் மிச்சமாகவே முடித்தார்.

பணம் எங்கே போயிற்று

மொத்தத்தையும் பிரித்துப் பார்த்தால் தோட்டாவுக்குத்தான் அதிகம் போயிருக்கிறது, அதற்கடுத்து ரைஃபிள், கொஞ்சம் பின்னால் ஸ்கோப். தாங்கி, பை, கொடி, பலகை, குமிழி மட்டம் எல்லாம் சேர்ந்து ஒரு சிறு துண்டு. சுத்தம் செய்யும் சாமான்களில் மட்டும் அவர் சிக்கனம் பார்க்கவில்லை: பூச்சுள்ள ஒற்றைத் துண்டுக் கம்பியும், அறை வழியாக அந்தக் கம்பியை நேராக நுழைக்கும் வழிகாட்டிக் குழாயும் நல்லதாகவே வாங்கினார். இணைத்து இணைத்து நீட்டும் மலிவான கம்பி குழலின் உட்சுவரை உரசிக் கெடுத்துவிடும், மீண்டும் பேரல் செலவுதான். 22ல் அறைக்குச் சற்று முன்னால் கரி வளையமாகக் கெட்டியாகப் படியும், அதைத் தவறாமல் எடுக்க வேண்டும். மற்றபடி ஒவ்வொரு தாளுக்கும் குழலைத் தேய்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அவருடைய தாள்களில் ஐந்து குண்டுக் குரூப்புகளின் சராசரி தொடக்கத்தில் இருந்ததில் பாதியை ஒட்டி வந்துவிட்டது. அதே ரைஃபிள், அதே பேரல். கிளப் போட்டியில் தொழிற்சாலை ரைஃபிள்களுக்கான வகுப்பில் நடுவரிசைக்கு மேலே வருகிறார். பத்துமடங்கு பணம் போட்டுத் தனியாகச் செய்த ரைஃபிளோடு உட்காருகிறவர்களை அவர் முந்தவில்லை, முந்தப்போவதும் இல்லை. அந்தப் பொருட்களின் தரம் உண்மையானது. ஆனால் அப்படிப்பட்டவர்களில் கொடியைப் பார்க்காத சிலரைக் காற்றுள்ள நாட்களில் முந்தியிருக்கிறார்.

சென்டர்ஃபயரில், அதாவது 6 பிபிசி போல அடியின் மையத்தில் ஊசி தட்டும் தோட்டாவில்தான் தொடங்குவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும், தோட்டாவின் இடத்தில் ரீலோடிங் வரும். கனமான பேரல் கொண்ட .223 தொழிற்சாலை ரைஃபிள், அடிப்படையான கைக்கருவிகள், நல்ல தராசு, ஒரே லாட் குண்டும் மருந்தும். சாவேஜ் போன்ற பேரல் நட்டு வைத்த ரைஃபிள்கள் இதில் வசதி, தகுந்த அளவுமானிகளும் பொறுமையும் இருந்தால் பேரலை நாமே மாற்ற முடியும்.

நண்பர் அடுத்ததாக வாங்க நினைப்பது பேரல் முனையில் மாட்டும் டியூனர் என்ற, நகர்த்தி அமைக்கும் எடை. வெவ்வேறு வேகத்தில் கிளம்பும் குண்டுகள் பேரல் அதிரும்போது சற்றே வேறு கோணத்தில் வெளியேறி இலக்கில் ஒரே உயரத்தில் சேரும்படி அதை அமைக்கலாம் என்பதுதான் அதன் நோக்கம். வாங்குவதற்கு முன் ஒன்றை இரவலாகப் பொருத்திச் சோதிக்கப் போகிறார்: ஒவ்வொரு அமைப்புக்கும் பல குரூப்புகள், மேல்கீழ் சிதறலை மட்டும் அளப்பது, டியூனர் இல்லாத தாள்களை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வைப்பது. தற்செயலான ஆட்டத்தைத் தாண்டி வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தப் பணமும் அதே லாட் தோட்டாவுக்குத்தான் போகும், அந்த லாட் கடையில் தீர்வதற்குள்.